காலித் தட்டுக்கு ஓர் ஆள்

"கையை விடுங்க ஸெனோன் ஐயா! இவரை முதல்ல பார்த்தது நான்!"

மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த பெரியவரின் வலது கையைப் போகுமிலா பிடித்திருந்தாள். இடது கை எதிர்வீட்டு ஸெனோனிடம் இருந்தது.

"பார்த்தது நீங்களா இருக்கலாம்மா. தொட்டது நான்!" என்றார் ஸெனோன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. போலந்து நாட்டு ராடோம் நகரத்தின் அந்தப் பழைய கட்டடத்தில், வழக்கம்போல எல்லா வீட்டு மேஜையிலும் ஒரு தட்டு கூடுதலாக இருந்தது. போக்கிடம் இல்லாதவர் யாராவது வந்தால் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவதற்கு. முப்பது வருஷமாக வைக்கிறார்கள். முப்பது வருஷமாக ஒருத்தரும் வந்ததில்லை. அதில் அவர்களுக்கு உள்ளூர நிம்மதிதான்.

அந்த நிம்மதியைப் போன ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் கெடுத்தார். "தட்டு வைக்கிறீங்க, சரி. இயேசு வரணும்னு வைக்கிறீங்களா, வந்துடக் கூடாதேன்னு கதவைச் சாத்திட்டு வைக்கிறீங்களா?" என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டார்.

ஸெனோனுக்கு அன்றைக்குச் சிவந்த காது இன்னும் ஆறவில்லை. போகுமிலாவின் பாடு வேறு. டப்ளினிலிருந்து மகன் வரவில்லை என்று காலையில்தான் போன் வந்தது. இந்தப் பெரியவரும் கிடைக்காவிட்டால், சமைத்து வைத்த பன்னிரண்டு வகையையும் செத்துப்போன கணவரின் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்து அவள் ஒருத்திதான் சாப்பிட வேண்டும்.

பெரியவருக்கு ஒரு வாரத் தாடி. ஸ்வெட்டரில் இரண்டு முழங்கையும் ஓட்டை. தேடினாலும் கிடைக்காத விருந்தாளி.

"அம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க, குளிருக்குத் தொண்டை கட்டிக்கும். எங்க வீட்டுல பீட்ரூட் சூப் கொதிக்குது. காளான் வச்ச கொழுக்கட்டை அதுல மிதக்கும்!"

"மிதக்குமா?" என்றார் ஸெனோன். "போன வருஷம் குடுத்தீங்களே, எங்க நாய் என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டுத்தான் வாயில வச்சுது. ஐயா, நம்ம வீட்டுக்கு வாங்க. கெண்டை மீன்! நேத்து வரைக்கும் எங்க குளியல் தொட்டியில நீந்திட்டிருந்த மீனு!"

"அதான் நாலு நாளா இவர் குளிக்கல. பக்கத்துல போய்ப் பாருங்க, தெரியும்!"

"தம்பி, ஒரு நிமிஷம்..." என்றார் பெரியவர்.

அதற்குள் ஸெனோனின் மனைவி டெரெசா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "ஏங்க, முதல் நட்சத்திரம் வந்தாச்சு, இனி சாப்பிட உட்காரலாம்! காலையிலேர்ந்து பட்டினி, எங்கம்மா மேஜை விரிப்பைக் கடிச்சிடுவா போல இருக்கு! ஆள் கிடைச்சுதா இல்லையா?"

"பாதி கிடைச்சுது! மீதிப் பாதியை இந்தம்மா விடமாட்டேங்கறாங்க!"

போகுமிலா சிரிக்கவில்லை. "ஸெனோன் ஐயா... உங்க மேஜையில மூணு பேர் இருக்கீங்க," என்றாள்.

ஸெனோன் அவள் முகத்தைப் பார்த்தார். கையை விட்டுவிட்டார்.

"நீங்களே கூட்டிட்டுப் போங்கம்மா. சாமியார் கேட்டா மட்டும், ஸெனோன்தான் பிடிச்சுக் குடுத்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஜெயித்த கையோடு உள்ளே போக வேண்டியவள் வாசலிலேயே நின்றாள். "நீங்க மூணு பேரும் ஏன் இங்க வரக் கூடாது? மீனையும் தூக்கிட்டு வாங்க. உங்க மாமியாரையும்தான்."

"நாயி?"

"அதுவும் வரட்டும். நான் அதுகிட்ட கொழுக்கட்டைக்கு மன்னிப்புக் கேக்கணும்."

டெரெசா கைதட்டினாள். ஸெனோன் மீன் எடுக்க ஓடினார். தன் வீட்டு வாசலில் சட்டென்று நின்று திரும்பினார். இவ்வளவு சண்டைக்கு அப்புறம்தான் அவருக்கு அது தோன்றியது.

"பேரையே கேக்கலியே! ஐயா யாரு, எங்கேர்ந்து வர்றீங்க?"

"லுட்விக்," என்றார் பெரியவர், கடைசியில் பேச இடம் கிடைத்த சந்தோஷத்தில். "பேக்கரியில ராத்திரி வேலை. விடிகாலையில வந்து நான் பூட்ஸைக் கழட்டிப் போட்டதும் இந்தம்மா துடைப்பக் கட்டையால கீழேர்ந்து சீலிங்கைத் தட்டுவாங்களே, ஏழு வருஷமா அந்த மேல் வீடு என் வீடுதாங்க. எங்கிட்டயும் ஒரு தட்டு காலியா இருக்கு, யாராவது ஒருத்தர் சாப்பிட வருவீங்களான்னு கேக்கத்தான் இறங்கி வந்தேன். இத்தனை பேர் மேல என் வீட்டுக்கு வர்றதா இருந்தா, நாற்காலியை மட்டும் நீங்க தூக்கிட்டு வந்துடுங்க!"