டேனியின் நிறங்கள்

"இன்னாப்பா ஜெகன், கலரு மாறியே ரொம்ப நாளாச்சு. எம்புள்ளைக்கு எதுனா ஆயிடுச்சா?"

சர்ச்சிலிருந்து நேராக வந்த ஜெகன் செருப்பைக் கழற்றுவதற்குள் சத்தியராஜ் கேட்டுவிட்டார். ஜெகன், அவர் மகன் டேனியோடு கல்லூரியில் படித்தவன். ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டுக்கு இன்னமும் வந்துபோகிற ஒரே நண்பன்.

டேனி வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை வருடமாகிறது. நல்ல வேலையை உதறிவிட்டு, சொந்தமாக ஏதோ புரோகிராம் எழுதுகிறேன் என்று அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலமெல்லாம் லேத் மெஷின் முன்னால் நின்ற சத்தியராஜுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தண்டச்சோறு" என்றார். டேனி பாதியில் எழுந்து கையைக் கழுவினான். மேக் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அன்று அணைந்த போன்தான். போலீஸில் எழுதிக் கொடுத்தும் தகவல் இல்லை.

அவனுடைய பழைய கம்ப்யூட்டர் மட்டும் அறையிலேயே கிடந்தது. சில மாதம் கழித்து ஜெகன் வந்து அதைப் போட்டுப் பார்த்தான். டேனி புரோகிராம் எழுதும் எடிட்டரைத் திறந்ததுமே, அதன் கறுப்புப் பின்னணி கண்ணெதிரே வெள்ளையாக மாறியது.

"அங்கிள், இது லினக்ஸ். அவன் எடுத்துட்டுப் போனது மேக். ரெண்டும் வேற வேற. ஆனா எடிட்டர் செட்டிங்ஸை மட்டும் சிங்க் பண்ணி வெச்சிருக்கான். அங்க கலரை மாத்தினா இங்கயும் மாறும்."

"அப்போ எம்புள்ள உயிரோட கீறான்!"

"வேலை செஞ்சுட்டுதான் இருக்கான் அங்கிள்."

"எங்க கீறான்னு காட்டாதா?"

"அதெல்லாம் காட்டாது."

அதுவே போதுமாயிருந்தது சத்தியராஜுக்கு. காலையில் பல் துலக்கியதும் அந்தத் திரை முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். பச்சை வந்தால், "மனசு நல்லா கீது போல" என்பார். எழுத்து பெரிதாகிவிட்டால், "கண்ணு வலிக்குதோ இன்னாவோ, நேரத்துக்குத் தூங்கறானா தெரியலியே" என்று மனைவி ஜெயகுமாரியிடம் புலம்புவார். கிறிஸ்துமஸ் சமயத்தில் திரை சிவப்பானபோது இருவருமே அழுதார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு எதுவுமே மாறவில்லை. வெள்ளை வந்தது வந்தபடியே நின்றுவிட்டது. ஜெயகுமாரி அந்த அறைக்குள் வருவதையே விட்டுவிட்டாள். இப்போதும் கதவோரம்தான் நின்றாள், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு.

ஜெகன் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான்.

"பயப்படாதீங்க அங்கிள். இங்க இருக்கிற எடிட்டர் பழசாயிடுச்சு, அங்க புதுசு போட்டிருக்கான். அதான் ரெண்டும் பேசிக்கல. அப்டேட் பண்ணிட்டா வந்துடும்."

சத்தியராஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எடிட்டர் மூடித் திறந்தது. வெள்ளை போய், திரை முழுக்க இளநீலம் பரவியது.

"ஆன்ட்டி, இங்க வாங்க! இன்னிக்குக் காலைல கூட மாத்தியிருக்கான்."

ஜெயகுமாரி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏசப்பா" என்றாள்.

சத்தியராஜ் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஜெகன், அவன் மாத்தறது இங்க வருதில்ல? இங்க மாத்தினா அங்க போவுமா?"

ஜெகன் திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளும் அவனுக்கே அது தோன்றியிருக்கவில்லை.

"போகும் அங்கிள்! செட்டிங்ஸ் ஃபைலுக்குள்ளயே ரெண்டு வரி எழுதி விடலாம். கூடவே எழுத்தைக் கன்னாபின்னான்னு பெருசாக்கி விடறேன். அதைச் சரிபண்ண அவன் அந்த ஃபைலைத் திறந்துதான் ஆகணும். சொல்லுங்க, என்ன எழுதட்டும்?"

சத்தியராஜ் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டேனி, அப்பா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ சம்பாரிக்கவே வேணாம் நைனா. ஊட்டுக்கு வா. வந்து சாப்புடு. அம்மா உன்னையே நெனைச்சுகினு கீறா."

அவர் சொன்னதைச் சொன்னபடியே ஜெகன் அடித்தான்.

காத்திருந்தார்கள். ஜெயகுமாரி எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். யாரும் குடிக்கவில்லை. டிப்போவுக்குள் பஸ்கள் திரும்புகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டீயில் ஆடை படிந்துவிட்டது.

சட்டென்று, திரையை அடைத்துக்கொண்டிருந்த எழுத்துகள் சுருங்கின.

"பார்த்துட்டான்!" ஜெகன் கத்தியே விட்டான். "அங்கிள், கீழ பதில் போட்டிருக்கான்!"

"படி, படி! இன்னான்னு எழுதிக்கீறான்? எப்போ வரானாம்?" கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினார் சத்தியராஜ்.

ஜெகன் படித்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. அவன் தோளை உலுக்கிப் பார்த்துவிட்டு, ஜெயகுமாரி தானே குனிந்து ஒவ்வொரு சொல்லாக வாசிக்க ஆரம்பித்தாள்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. இந்த லேப்டாப்பை நான் ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு பழைய சாமான் கடையில வாங்கினேன். இதுல ஏற்கெனவே இருந்த எடிட்டரை அன்னியிலேர்ந்து நான் மட்டும்தான் யூஸ் பண்றேன். டேனி யாருன்னு எனக்குத் தெரியாது."