நூற்றி நாற்பது

கியர்பாக்ஸின் அடியில் இருந்த திருகை ஷிபு கழற்றினான். எண்ணெய் ஒழுகவில்லை. நின்று நின்று, தேர் வருவதுபோல இறங்கியது.

விரலால் தொட்டுப் பார்த்தேன். தொட்ட விரலை மீட்க இன்னொரு கை வேண்டியிருந்தது.

"ஏலே ஷிபு, இது எண்ணெயா, சக்கப்பழப் பசையா?"

ஷிபு துடைத்த திருகையே மறுபடி துடைத்தான். தக்கலையிலேயே வாய் மூடாத மெக்கானிக் அவன்.

போன மாதம் நான் அவனிடம் ஊற்றச் சொன்னது எண்பது–தொண்ணூறு. மெலிசான எண்ணெய். என் பழைய ஜீப்புக்கு அதுதான் பொருத்தம். ஓய்வு பெற்ற பிறகு கியர் ஆயிலைப் பற்றி இந்த மாவட்டத்தில் என்னைவிட அதிகம் பேசியவன் கிடையாது. கேட்டவர்களில் பாதிப் பேர் வீடு மாற்றிப் போய்விட்டார்கள்.

வடிந்ததோ நூற்றி நாற்பது. லாரிக்கு ஊற்றுகிற கட்டி எண்ணெய்.

இரண்டாவது கியர் ஏன் விழ மாட்டேன் என்று அடம்பிடித்தது என்று இப்போது புரிந்தது. சிதறால் மலை ஏற்றத்தில் நான் போட்ட மல்லுக்கட்டில் வேளிமலையே இரண்டு அங்குலம் நகர்ந்திருக்கும்.

நானோ, வயதாகிவிட்டது, கையில் வலு போய்விட்டது என்று நம்பிவிட்டேன். ஜீப்பை விற்க ஷிபுவிடமே ஆள் பார்க்கவும் சொல்லிவிட்டேன். நாளைக் காலை அந்த ஆள் வருகிறான்.

"சகாயம் செஞ்ச வேலையா?"

சகாயம் என் சிநேகிதன். இந்த ஜீப்பைப் பார்க்கும்போதெல்லாம் எச்சில் விழுங்குகிறவன்.

ஷிபு இல்லை என்று தலையாட்டினான்.

"பின்ன ஆருலே?"

"டீச்சரு."

எங்கள் இருவருக்கும் பொதுவான டீச்சர் ஒருத்திதான். அவனுக்கு எட்டாம் வகுப்பு எடுத்தவள். எனக்கு மனைவி. செல்லபாய்.

"கியரு ஒடையவும் படாது, லேசுல விழவும் படாதுன்னு சொன்னாவ. நான் என்ன செய்ய? எட்டாங் கிளாசுல அவிய தொடையில நுள்ளுன எடம் இப்பமும் வலிக்கி சார்."

யூதாசுக்காவது முப்பது வெள்ளிக்காசு கிடைத்தது. இவளுக்கு என்ன கிடைத்தது?

யோசித்தேன்.

இந்த ஒரு மாதமாகத் தினமும் காலையில், கியர் போட ஒத்தாசைக்கு என்று, பக்கத்துச் சீட்டில் செல்லபாய் இருக்கிறாள். நான் கிளட்சை மிதிப்பேன். கியரைப் பிடித்திருக்கும் என் கைமேல் அவள் கையை வைத்து இழுப்பாள். இரண்டு பேரும் முக்கினால்தான் விழும். மேலே போனதும் ஆளுக்கொரு டீ. அதற்கு முன் அவள் கடைசியாக இந்த ஜீப்பில் ஏறியது, மகனைக் கல்லூரி விடுதியில் கொண்டுவிட்ட அன்று. அவன் மகளே இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

'நானும் வரட்டா' என்று என்னிடம் கேட்பதைவிட, ஒரு கியர்பாக்ஸைக் கெடுப்பது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஷிபு இரண்டு டப்பாக்களையும் தூக்கிக் காட்டினான். "எத ஊத்தட்டு?"

"எம்பது தொண்ணூறையே ஊத்துலே. நாளைக்கு வாறவன வரண்டாம்னு சொல்லிரு."

அவன் மெலிசு எண்ணெயின் மூடியைத் திறக்கும்வரை பொறுத்தேன்.

"டீச்சருகிட்ட மட்டும் மூச்சு விட்றாத. பழைய எண்ணெதான் உள்ள கெடக்கு, கேட்டியா?"