அடுத்த அறை லாரி

"ஐயோ சார், மறுபடியும் அந்த லாரி!"

டிரைவிங் ஸ்கூலில் அவள் மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள், சிக்னலை மதிக்காமல் பாய்ந்த லாரி, அவளுடைய காரில் மோதியது. அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"பொம்மை ரோடுதானேம்மா, உயிரா போயிடும்?" என்றார் பயிற்சியாளர்.

"கம்ப்யூட்டருக்கு என் மேல என்ன சார் கோபம்?"

"லாரியை ஓட்டுறது கம்ப்யூட்டர் இல்லம்மா. அடுத்த ரூம்ல ஒருத்தர் ஓட்டுறார். எல்லாரையும் ஒரே ரோட்டுல விட்டுத்தான் பழக்குறோம்."

நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க, அவள் அடுத்த அறைக் கதவைத் தள்ளினாள். ஹெட்செட்டைக் கழற்றிய பெரியவர் மலர்ந்து சிரித்தார்.

"அட, பாப்பாவோட அம்மா! அந்தக் கார் நீங்கதானா? லைசென்ஸ் புதுப்பிக்கணும்னா இதுல ஓட்டிக் காட்டணுமாம். சிவப்பு லைட்டே கண்ணுக்குத் தெரியலம்மா."

அவர் பள்ளி வேன் சாவியை எடுத்துக்கொண்டார்.

"ஸ்கூல் விடுற நேரமாச்சு. இன்னிக்குப் பாப்பாவ என் பக்கத்துலயே உக்கார வச்சுக் கூட்டிட்டு வர்றேன்."