பேராலயத்து வீட்டு ஆள்

ஜெர்மனியின் ஃபுல்டா நகரத்தில் பழைய கட்டடங்களும் சாட்சி சொல்லலாம் என்று சட்டம் வந்துவிட்ட காலம். அங்கே பரோக் பாணிப் பேராலயத்தில் சூசைநாதனுக்குத் துப்புரவு வேலை. சுவரெங்கும் சிறகோடு தொற்றிக்கொண்டிருக்கும் குழந்தைத் தேவதூதர்களான சுதைச் சம்மனசுகளின் காதைத் துடைக்கும்போதெல்லாம், “கொஞ்சம் பொறு ராசா, முடிஞ்சுது” என்பார்.

அவரை யாழ்ப்பாணத்துக்கே திருப்பி அனுப்புவதா என்று அன்று விசாரணை.

“இந்த ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார் நீதிபதி.



“நான் இருக்கிறேன்,” என்றது நீதிமன்ற ஒலிபெருக்கியில் பேராலயம், ஜெர்மன் மொழியில். “இவர் என் வீட்டு ஆள்.”

நீதிபதி சூசைநாதன் பக்கம் திரும்பினார். “சரி, நீங்கள் இங்கேயே இருக்கலாம்.”

சூசைநாதன் ஒலிபெருக்கியைக் கும்பிட்டபடியே விம்மி அழுதார். பேராலயம் தமிழுக்கு மாறியது.

“கொஞ்சம் பொறு ராசா, முடிஞ்சுது.”