நாய்ச்சட்டைத் திருட்டு

வாசல் கேமராவில் பதிவான அந்த வீடியோவை நாடீன் நான்காவது தடவையாகப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. பட்டப்பகலில் வந்து எடுத்துக்கொண்டு போனவர் எதிர்வீட்டு எல்வுட்தான்.

எழுபது வயசு மனுஷன். திருடியது என்ன தெரியுமா? வராந்தா கம்பியில் தொங்கிய அவள் நாயின் குளிர்ச்சட்டை.

லூயிசியானாவின் ஆகஸ்ட் புழுக்கத்தில் நாய் வளர்ப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தண்ணீரில் நனைத்து மாட்டிவிட்டால், ஈரம் காயக் காய நாயின் உடம்பு குளிரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நாடீனுக்குப் புருஷன், பிள்ளை எல்லாமே பூடான் என்கிற அந்தப் புல்டாக்தான்.

எல்வுட்டின் கிழட்டு லேப்ரடார் டியூக்குக்கும் இதே மாதிரி ஒன்றை அவள்தானே வாங்கிக் கொடுத்தாள்? இதெல்லாம் எதுக்கு என்று நழுவியவரை விடாமல், தன் கையாலேயே மாட்டியும் பழக்கினாள். போன வாரம் டியூக் செத்துப்போனபோது ஒரு பானை கம்போ குழம்பு சமைத்துக்கொண்டு போய் அவரோடு சேர்ந்து அழுதுவிட்டும் வந்தாள். வயசாயிடுச்சு என்று மட்டும்தான் அன்றைக்கு அவர் சொன்னார்.

அந்த மனுஷன் செய்கிற காரியமா இது?

விறுவிறுவென்று தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"சட்டையைக் கொடுங்க, மிஸ்டர் எல்வுட்."

அவர் மழுப்பவில்லை. "இல்லீங்க, மிஸ் நாடீன். வெட்டிப் போட்டுட்டேன்."

எதற்கு என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார். அப்புறம், "புதுசா வாங்காதீங்க. பூடானை ஏசி ரூம்லயே வச்சுக்குங்க" என்றார்.

திருடியதும் இல்லாமல் உபதேசம் வேறா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க நாய் போயிடுச்சு. அதுக்காக என் நாயும் வெந்து சாகணுமா? இவ்வளவு பொறாமையா உங்களுக்கு?"

எல்வுட் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ தெரு முழுக்கப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் பக்கத்தில் உட்கார ஒருத்தரும் இல்லை.

திங்கட்கிழமை பூடானுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்திலும் நாடீன் புலம்பித் தீர்த்தாள். பெயர் சொல்லாமல், எங்க தெருவில் ஒரு கிழம் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"திருட்டுப் போனது நல்லதுக்குத்தான்" என்றார் டாக்டர். இந்த ஊர் ஈரக்காற்றில் துவைத்த துணியே இரண்டு நாளானாலும் காய்வதில்லை, நாய் மேல் போட்ட சட்டை மட்டும் காய்ந்துவிடுமா என்று கேட்டார். காயாத சட்டை, கம்பளி மாதிரி உடம்புச் சூட்டை உள்ளேயே தேக்கிவிடுமாம்.

"பத்து நாள் முன்னாடிகூட ஒரு வயசான லேப்ரடார் அப்படித்தான் போச்சு. பெரியவர் ஒருத்தர் தூக்கிட்டு ஓடி வந்தார். நான் சட்டையைக் கழட்டறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."



டாக்டர் ஊசியை எடுத்தபடியே சொன்னார். "அதை வாங்கிக் கொடுத்தவங்க வீட்லயும் ஒரு நாய் இருக்காம். அவங்ககிட்டச் சொல்லிடுங்கன்னேன். 'ஆசையா கொடுத்தாங்க டாக்டர், தெரிஞ்சா தாங்கமாட்டாங்க. அந்த நாயைக் காப்பாத்த நான் வேற வழி பாக்கறேன்'னுட்டுப் போனார்."