டிஃபால்ட் என்று தொடங்கும் வரி

இரண்டு வரிகள்.

இரண்டுமே டிஃபால்ட் என்றுதான் தொடங்கின.

இதில் எது உயிரோடு இருப்பது, எது செத்தது? அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கோயம்புத்தூரில், அலுவலகச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். எதிரே கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நாகர்கோவிலில் அப்பா வீட்டு அலமாரி மேல் இருக்கிற சின்னக் கணினியின் ரவுட்டிங் டேபிள் அது. எந்தச் சேதி எந்த வழியாக வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்று அந்தக் கணினி பார்த்துக்கொள்ளும் பட்டியல். டிஃபால்ட் என்றால், வேறு வழி குறிக்காத சேதிக்கெல்லாம் பொதுவான வழி.

திரையின் ஓரத்தில் இன்னொரு ஜன்னல். அதில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விட்டு விட்டு.

ஒரு வாய் எடுப்பார். படம் நின்றுவிடும். மறுபடி அசையும்போது பாதிச் சோறு காலியாகியிருக்கும். இந்த வாரம் முழுக்க இதே ரோதனை.

அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனபோது, அண்ணன் பெனட் மஸ்கட்டிலிருந்து வந்து, அலமாரி மேல் அந்தக் கணினியோடு சேர்த்து மாட்டிய கேமரா. திரும்பிப் போகும்போது பாஸ்வேர்டை அவளுக்கும் அனுப்பிவிட்டான். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல முடியுமா? அவள் கல்யாணத்தன்று, "இனி எம் மூஞ்சில முழிக்காத" என்று சொன்ன மனிதர்.

அவள் முழிக்கவில்லை. பார்க்க மட்டும் செய்தாள். தினமும் மதியம், சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுகிறாரா என்று.

அப்பா என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஜன்னல் மட்டும்தான்.

மறுபடி வரிகளைப் பார்த்தாள். ஒன்று கேபிள்காரன் கொடுத்த வழி. இன்னொன்று பெனட் செருகிவிட்டுப் போன டாங்கிள், சிம் போட்டு நெட் தரும் குச்சி. பெயரைப் பார்த்தால் தெரிய வேண்டும். பெயரா அது? எழுத்தும் எண்ணும் கலந்த குப்பை. மேலே இருப்பதுதான் டாங்கிள் என்று தோன்றியது. இல்லை, கீழே இருப்பதா? மேலேதான். அந்தப் பாழாய்ப்போனதுதான் குறுக்கே நின்று படத்தை இழுத்துப் பிடிக்கிறது.

அழித்துவிட்டால் தொல்லை விட்டது.

கட்டளையைத் தட்டினாள். எண்டர்.

கர்சர் அப்படியே நின்றது.

இன்னொரு எண்டர். ஒன்றுமில்லை. ஆபீஸ் நெட் போய்விட்டதா? வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஜோராகத் திறந்தது.

அடக் கடவுளே!

அவள் உள்ளே போனதே அந்த வழியாகத்தான். இங்கிருந்து என்ன தட்டினாலும், அங்கிருந்து பதில் திரும்பி வர இனி வழியில்லை. இந்த வேலையில் இருக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது பண்ணுகிற மடத்தனம். புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவளே அவள்தான்.

ஜன்னலில் அப்பா அசையவில்லை. தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் கை.

பெனட்டுக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா அந்த வரி தானா வந்துரும். டியூட்டில இருக்கேன். நீயே அப்பாட்ட சொல்லுட்டி."

நல்லா சொன்னான்! என்னவென்று சொல்வது? அலமாரி மேல இருக்கிற பெட்டியை நிறுத்திப் போடுங்கப்பா என்றா? உனக்கு எப்படித் தெரியும் என்பார். கேமராவைப் பிடுங்கித் தெருவில் எறிவார். அத்தோடு எல்லாம் போச்சு.

சொல்லாவிட்டால், இப்போதே போச்சு.

போனை எடுத்தாள். கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்தாள். எதைச் செய்தாலும் தப்பாகப் பட்டது. அழுகை வந்தது. சாப்பிட வந்தவர்கள் சுற்றிலும் இருந்ததால் அதை விழுங்கிக்கொண்டாள்.

படம் அசைந்தது.

முதலில் வெறும் வெள்ளை. ஒன்றும் புரியவில்லை. அவசரமாகக் கறுப்புத் திரையில் மறுபடி உள்ளே போனாள். போக முடிந்தது. பட்டியலைக் கேட்டாள்.

இரண்டு வரிகள்.

அவள் அழித்த வரி, மேலே, ஒன்றும் நடக்காதது மாதிரி.

அழித்தோமா, இல்லையா? அழித்தோம். பின்னே இது எப்படி? பெனட் போன் பண்ணிச் சொன்னானா? அதற்குள்ளா?

படத்தில் அந்த வெள்ளை பின்னால் நகர்ந்தது. பனியன். அப்பாவின் பனியன். ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்ன ஸ்டூலின் மேல் நின்றிருந்தார். சோற்றுக் கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, விளக்கு வரக் காத்திருந்தவர் போல இடது கையைச் சுவிட்சிலிருந்து எடுத்தார். அலமாரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

இறங்கி முடிக்கும்வரை அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தார்.

"கேமரால பச்ச வெளக்கு அணைஞ்சு போச்சுல்லா. எப்பவும் போல நிறுத்திப் போட்டேன். இப்பம் தெரியுதா, செலின்?"

எப்பவும் போலவா?

"தெரியுதுப்பா" என்றாள், வாய்விட்டு. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அங்கேயிருந்துதான் இங்கே சத்தம் வரும். இங்கேயிருந்து போகாது.

அப்பா நிமிர்ந்த தலையை இறக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

போனில் அவர் பெயரைத் தேடி அழுத்தினாள்.

படத்தில் மணி அடித்தது. அவர் எழுந்து போகவில்லை, தேடவில்லை. போன் அவர் மடியிலேயே இருந்தது.