அனுப்பியவர் பெயர்

மனநலக் காப்பகத்தில் கண்ணம்மாள் குணமாகி ஒரு வருடம் ஆகிவிட்டது. வந்து அழைத்துப் போகும்படி, ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் அவள் கணவன் ஈஸ்வரனுக்கு சிஸ்டர் ரூபி மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை.

காப்பகத்துக்கு நன்கொடை திரட்டித் தரும் இணையதளத்திலிருந்து அன்று மெயில் வந்தது. இனிமேல் பணம் அனுப்புகிறவர் பெயரும் குறிப்பும் கம்ப்யூட்டரில் தெரியுமாம்.

"மாசாமாசம் நம்ம மாத்திரைக்குப் பணம் அனுப்புற மகராசன் யாருன்னு பாருங்க சிஸ்டர். அவரு பேர்ல ஒரு அர்ச்சனை வைக்கணும்" என்றாள் கண்ணம்மாள்.

ரூபி திறந்து, அதில் இருந்ததை இரண்டு முறை படித்தாள்.

"பேரு வெளிய தெரிய வேணாம்னுட்டாரும்மா."

"அம்புட்டு நல்ல மனுசனா!"

எழுத்தறியாத கண்ணம்மாள் திரையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

'ரெட்டியார்சத்திரம் ஈஸ்வரன். காலஞ்சென்ற என் மனைவி கண்ணம்மாள் நினைவாக' என்று அதில் இருந்தது.